அலுவலக மூலையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரே போதும்: இணையம் இல்லாமல் இயங்கும் மொழி மாதிரி

உழவர் உற்பத்தியாளர் நிறுவன அலுவலகம் எதற்குள் நுழைந்தாலும் ஒரு மூலையில் கம்ப்யூட்டர் இருக்கும். உரத்துக்கு பில் போடவும், பங்குதாரர் பட்டியலை வைக்கவும், எப்போதாவது ஒரு கடிதம் அடிக்கவும் வாங்கியது. வாங்கி நாலைந்து வருடம் ஆகியிருக்கும். பகலில் பாதி நேரம் சும்மா கிடக்கும். தொடக்க வேளாண்மை கூட்டுறவுச் சங்கத்திலும், வேளாண்மை விரிவாக்க மையத்திலும் இதே நிலைதான்.

அந்த அலுவலகத்துக்கு வருகிற விவசாயி கேட்பதும் பெரும்பாலும் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்ட விஷயம்தான். ‘ஆலங்கட்டி மழை அடிச்சிடுச்சு சார், காப்பீட்டுக்கு எத்தனை நாளுக்குள்ள சொல்லணும்?’ ‘இந்த மானியத்துக்கு அடங்கல் வேணுமா, சிட்டா போதுமா?’ பதில் அலமாரியில் உள்ள ஏதோ ஒரு சுற்றறிக்கையில் இருக்கும். தேடி எடுத்துப் படிக்க ஆள் இருக்காது. செல்போனில் செயற்கை நுண்ணறிவிடம் கேட்கலாம் என்றால், மழை நாளில் டவர் கிடைப்பதில்லை. கிடைத்தாலும், விவசாயியின் ஆதார், பட்டா, கடன் விவரங்களை எங்கோ இருக்கும் சர்வருக்கு அனுப்புவதா என்ற தயக்கம் வேறு.

சும்மா கிடக்கும் அந்தக் கம்ப்யூட்டரே இந்த வேலையைச் செய்யுமா? செய்யும். விலை அதிகமான கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. ஒருமுறை டவுன்லோடு செய்துவிட்டால் இணையமும் தேவையில்லை. ஆனால் எந்த வேலைக்கு அதை நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது என்பதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். தெரியாமல் இறங்கினால் பயிருக்கும் ஆபத்து, பணத்துக்கும் ஆபத்து.

எண்களால் ஆன மூட்டை

சாட்ஜிபிடி போன்றவற்றின் உள்ளே இருப்பது ‘பெரிய மொழி மாதிரி’. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணிக்கப் பழகிய மென்பொருள் அது. படித்த புத்தகங்கள் அப்படியே அதற்குள் இருப்பதில்லை. படித்ததன் விளைவாக உருவான எண்கள் மட்டுமே இருக்கும். அவற்றை ‘பாராமீட்டர்’ என்பார்கள். 7பி மாதிரி என்றால் 700 கோடி எண்கள், 4பி என்றால் 400 கோடி எண்கள்.

நாம் ஒரு கேள்வி கேட்டால், மாதிரி பதிலை ஒரே மூச்சில் எழுதுவதில்லை. சொல்லைத் துண்டு துண்டாக எழுதும். அந்தத் துண்டுக்கு ‘டோக்கன்’ என்று பெயர். ஒவ்வொரு துண்டை எழுதுவதற்கும் அந்த 400 கோடி எண்களையும் ஒருமுறை முழுவதுமாகப் புரட்டியாக வேண்டும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

பல்கேரியாவில் போட்ட விதை

2023 பிப்ரவரியில் பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா, ‘லாமா’ என்ற மொழி மாதிரியை ஆய்வாளர்களுக்காக வெளியிட்டது. அதை ஓட்டப் பெரிய கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்றுதான் அப்போது எல்லோரும் நினைத்தார்கள். அடுத்த மாதமே, பல்கேரியாவைச் சேர்ந்த மென்பொருள் எழுத்தாளர் கியோர்கி கெர்கானோவ், ‘லாமா சிபிபி’ என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டார். சாதாரண பிராசசரிலேயே மொழி மாதிரியை ஓட்டுவதற்காக எழுதப்பட்டது அது. லேப்டாப்பில் மாதிரி ஓடியது. சில நாட்களிலேயே, உள்ளங்கை அளவுள்ள ராஸ்ப்பெரி பை என்ற சின்னக் கணினியிலும் ஒருவர் ஓட்டிக் காட்டினார். ஒரு துண்டு எழுத 10 விநாடி ஆனது, ஆனாலும் ஓடியது.

யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்ற உரிமத்தில் இது வந்ததால், உலகம் முழுவதும் இருந்து பலர் சேர்ந்து மேம்படுத்தினார்கள். இன்று ஒல்லாமா, எல்எம் ஸ்டுடியோ போன்று சாதாரண ஆட்களும் எளிதாக நிறுவக்கூடிய மென்பொருட்கள் இதைத்தான் உள்ளே வைத்து இயங்குகின்றன. 2023 நவம்பரில் மொசில்லா வெளியிட்ட ‘லாமாபைல்’, மென்பொருளையும் மாதிரியையும் சேர்த்து ஒரே கோப்பாகக் கட்டித் தந்தது.

நகைக்கடைத் தராசும் எடை மேடையும்

பெரிய மாதிரியைச் சின்னக் கம்ப்யூட்டருக்குள் எப்படி அடைத்தார்கள்?

மாதிரியில் உள்ள ஒவ்வொரு எண்ணும் வழக்கமாக 16 பிட் துல்லியத்தில் எழுதப்பட்டிருக்கும். 16 பிட் என்றால் 2 பைட். 700 கோடி எண்களுக்கு 14 ஜிபி ஆகிறது. 8 ஜிபி ரேம் உள்ள கம்ப்யூட்டரில் இது நுழையாது.

நகைக்கடையில் மில்லிகிராம் வரை எடை போடுவார்கள். அதே தராசில் நெல் மூட்டையை எடை போட யாரும் போவதில்லை. லாரியோடு எடை மேடையில் ஏற்றினால், கிலோக் கணக்கு போதும். மொழி மாதிரியின் எண்களுக்கும் நகைக்கடைத் துல்லியம் தேவையில்லை. 16 பிட்டுக்குப் பதிலாக 4 பிட்டில் எழுதினால், ஒவ்வொரு எண்ணுக்கும் 16 படிநிலைகள் மட்டுமே கிடைக்கும். கேட்கும்போது குறைவாகத்தான் தெரியும். அதனால் 32 எண்களை ஒரு கட்டாகக் கட்டி, அந்தக் கட்டுக்கு ஏற்ற அளவுகோல் ஒன்றைத் தனியாக எழுதி வைக்கிறார்கள். சின்ன எண்கள் உள்ள கட்டுக்குச் சின்ன அளவுகோல், பெரிய எண்கள் உள்ள கட்டுக்குப் பெரிய அளவுகோல். அளவுகோலையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஓர் எண்ணுக்கு நாலரை பிட் ஆகும். 14 ஜிபி மாதிரி சுமார் 4 ஜிபியாகச் சுருங்கிவிடும். பதிலின் தரம் கொஞ்சம் குறையும், படுத்துவிடாது.

இதற்குத்தான் ‘குவாண்டைசேஷன்’ என்று பெயர். இப்படிச் சுருக்கிய மாதிரிகள் 2023 ஆகஸ்ட் முதல் ‘ஜிஜியுஎஃப்’ என்ற கோப்பு வடிவில் வருகின்றன. கோப்பின் பெயரில் ‘க்யூ4’ என்று இருந்தால் 4 பிட், ‘க்யூ8’ என்று இருந்தால் 8 பிட்.

கூகுள் 2025 மார்ச்சில் வெளியிட்ட ‘ஜெம்மா 3’ மாதிரிக்கு, அடுத்த மாதமே 4 பிட்டுக்கு ஏற்பப் பயிற்சி கொடுத்த வடிவத்தையும் வெளியிட்டது. 400 கோடி எண்கள் உள்ள அதன் 4பி மாதிரி 8 ஜிபியிலிருந்து 2.6 ஜிபியாகவும், 12பி மாதிரி 24 ஜிபியிலிருந்து 6.6 ஜிபியாகவும் குறைந்தது. சாதாரண அலுவலகக் கம்ப்யூட்டருக்கு ஏற்ற அளவு இதுதான்.

4 பிட்டுக்குக் கீழே, 3 பிட், 2 பிட் என்றும் கோப்புகள் கிடைக்கும். சின்ன மாதிரியில் அதைத் தவிர்ப்பது நல்லது. உளறல் கூடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சுருக்குவதால் வரும் இழப்பு எல்லா மொழிக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆங்கில எழுத்தில் எழுதாத மொழிகளுக்குப் பாதிப்பு கூடுதல் என்று கோஹியர் நிறுவன ஆய்வாளர்கள் 2024ல் எழுதியிருக்கிறார்கள். அதனால் தமிழில் பயன்படுத்துபவர்கள், ரேம் இடம் கொடுத்தால் 5, 6 அல்லது 8 பிட் கோப்பை எடுப்பது நல்லது.

மோட்டார் பெரிதாக இருந்தால் போதுமா?

கம்ப்யூட்டர் வேகமாகப் பதில் தர வேண்டுமென்றால் புது பிராசசர் வாங்க வேண்டும் என்றுதான் கடைக்காரர் சொல்வார். இங்கே கதை வேறு.

கிணற்றில் 10 எச்.பி. மோட்டார் இறக்கிவிட்டு, டெலிவரிக்கு ஒன்றரை இஞ்ச் பைப் போட்டால் என்ன ஆகும்? மோட்டார் முக்கும், வயலுக்கு வரும் தண்ணீர் பைப்பின் அளவுக்குத்தான் வரும். கம்ப்யூட்டரில் பிராசசர்தான் மோட்டார். ரேமிலிருந்து பிராசசருக்கு எண்கள் வரும் பாதைதான் பைப். ஒவ்வொரு துண்டு எழுதவும் மாதிரியின் எல்லா எண்களும் அந்த பைப் வழியாக ஒருமுறை வந்தாக வேண்டும். பிராசசர் பாதி நேரம் எண்கள் வரட்டும் என்று காத்துக்கொண்டுதான் இருக்கும்.

இந்தக் கணக்கை நாமே போடலாம். டிடிஆர்4 2666 ரகத்தில் ஒற்றை ரேம் அட்டை விநாடிக்குச் சுமார் 21 ஜிபி கொண்டுவரும். மாதிரி 2.6 ஜிபி. 21ஐ 2.6ஆல் வகுத்தால் 8. அதாவது விநாடிக்கு 8 துண்டுகளுக்கு மேல் எழுத வழியே இல்லை. நடைமுறையில் இன்னும் குறையும். பழைய டிடிஆர்3 1600 ரக அட்டை ஒன்று மட்டும் இருந்தால் விநாடிக்கு 12.8 ஜிபிதான், துண்டுகள் 5க்குள்.

இதில் விவசாயிக்கு உதவும் செய்தி ஒன்று இருக்கிறது. பெரும்பாலான அலுவலகக் கம்ப்யூட்டர்களில் ரேம் அட்டை செருக இரண்டு இடம் இருக்கும். ஒன்றில்தான் அட்டை இருக்கும். இன்னொரு இடத்திலும் அதே ரக, அதே அளவு அட்டை ஒன்றைச் செருகினால், ஒரு பைப்புக்கு இரண்டு பைப் ஆகிவிடும். பதில் வரும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். புதிதாக 16 ஜிபி வாங்குவதாக இருந்தாலும் 16 ஜிபி அட்டை ஒன்றைவிட 8 ஜிபி அட்டை இரண்டு மேல். பிராசசரை மாற்றுவதைவிட இது பல மடங்கு செலவு குறைவு.

உங்கள் கம்ப்யூட்டர் தாங்குமா?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘பெர்பார்மன்ஸ்’ பகுதியில் ‘மெமரி’யைத் தொட்டால் ரேம் எத்தனை ஜிபி, என்ன வேகம், எத்தனை இடத்தில் அட்டை இருக்கிறது என்பது தெரியும். பார்க்க வேண்டியவை இவை:

ரேம்: 8 ஜிபி இருந்தால் 4பி அளவு மாதிரியின் 4 பிட் கோப்பு ஓடும். மற்ற புரோகிராம்களை மூடிவிட வேண்டும். 16 ஜிபி இருந்தால் 8பி, 12பி வரை போகலாம். 4 ஜிபி மட்டும் என்றால் முயற்சிக்க வேண்டாம்; முதலில் ரேமைக் கூட்டுங்கள். மாதிரியின் அளவு மட்டுமல்லாமல், நடக்கும் பேச்சை நினைவில் வைக்கவும் இடம் வேண்டும். பேச்சு நீள நீள அந்த இடமும் கூடும்.

பிராசசர்: ‘ஏவிஎக்ஸ்2’ என்ற வசதி இருக்க வேண்டும். ஒரே கட்டளையில் பல எண்களைச் சேர்த்துக் கணக்கிடும் வசதி இது. இன்டெல்லில் 2013ல் வந்த நான்காம் தலைமுறை கோர் ஐ3, ஐ5, ஐ7 முதல் இருக்கிறது. ஏஎம்டியில் ரைசன் எல்லாவற்றிலும் உண்டு. அந்தக் காலத்து செலரான், பென்டியம் பெயர்களில் வந்தவற்றில் இது இல்லை, ஏமாற வேண்டாம்.

டிஸ்க்: பழைய ஹார்டு டிஸ்க்கில் மாதிரியை ரேமில் ஏற்றவே அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். எஸ்எஸ்டியில் சில விநாடிகள்தான். மாதிரி ரேமைவிடப் பெரிதாக இருந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் டிஸ்க்கைத் தேடிப் போகும். அப்போது பதில் நத்தை வேகம்தான்.

த்ரெட்: மென்பொருளில் எத்தனை த்ரெட் என்று கேட்டால், பிராசசரில் எத்தனை கோர் உண்டோ அந்த எண்ணைக் கொடுங்கள். இரண்டு மடங்கு கொடுத்தால் வேகம் கூடாது. சில நேரம் குறையும்.

மின்சாரம்: 100 வாட் எடுக்கும் கம்ப்யூட்டர் 10 மணி நேரம் இடைவிடாமல் ஓடினால் 1 யூனிட். செலவு பெரிதில்லை. மின்வெட்டுக்கு யுபிஎஸ் மட்டும் அவசியம்.

தமிழுக்கு ஏன் கூடுதல் நேரம்?

ஆங்கிலத்தில் கேட்டால் வேகமாகவும், தமிழில் கேட்டால் மெதுவாகவும் பதில் வருவதைப் பார்க்கலாம். பிராசசருக்கு மொழி வேற்றுமை கிடையாது. சொல்லைத் துண்டாக்கும் விதத்தில்தான் வேற்றுமை.

ஆங்கிலத்தில் சாதாரண சொல் பெரும்பாலும் ஒரே துண்டு. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் கம்ப்யூட்டருக்குள் 3 பைட். ‘விவசாயி’ என்ற சொல்லில் கால், கொம்புகளையும் சேர்த்து 7 குறிகள், 21 பைட். தமிழே தெரியாத மாதிரி என்றால், இந்த ஒரு சொல்லையே 21 துண்டாக நறுக்கக்கூடும். தமிழ் நன்றாகத் தெரிந்த மாதிரி இரண்டு மூன்று துண்டில் முடித்துவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் எல்லா எண்களையும் புரட்ட வேண்டும் என்று முன்பே பார்த்தோம். ஆக, தமிழைச் சரியாகத் துண்டாக்கும் மாதிரியைத் தேர்ந்தெடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

60 சொல் உள்ள பதில், சொல்லுக்கு 3 துண்டு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 180 துண்டு. விநாடிக்கு 6 துண்டு எழுதினால் அரை நிமிடம். காத்திருக்கக் கூடிய நேரம்தான். அதே பதில் சொல்லுக்கு 12 துண்டு ஆனால் இரண்டு நிமிடம்.

ஜெம்மா 3ன் துண்டு அகராதியில் சுமார் 2 லட்சத்து 62 ஆயிரம் துண்டுகள் உண்டு. லாமா 2ல் இருந்தது 32 ஆயிரம்தான். அகராதி பெரிதாக இருந்தால் தமிழுக்கும் இடம் கிடைக்கும். இந்திய மொழிகளுக்கென்றே உருவானவையும் உண்டு. பெங்களூரு சர்வம் நிறுவனம் 2024 அக்டோபரில் வெளியிட்ட ‘சர்வம்-1’ தமிழ் உட்பட 10 இந்திய மொழிகளுக்கானது. எண்கள் 200 கோடிதான். இந்திய மொழிகளில் ஒரு சொல்லுக்கு 1.4 முதல் 2.1 துண்டு ஆகிறது என்று அந்த நிறுவனம் சொல்கிறது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2023ல் வெளியிட்ட ‘இண்டிக்டிரான்ஸ்2’, அட்டவணை மொழிகள் 22க்கும் மொழிபெயர்க்கும். அதன் சின்ன வடிவத்தைச் சாதாரண பிராசசரிலேயே ஓட்டலாம். ஆங்கிலச் சுற்றறிக்கையைத் தமிழாக்க இது உதவும்.

தட்டச்சு தெரியாதவர்கள் பேசிக் கேட்கவும் வழி உண்டு. ஓபன்ஏஐ 2022ல் வெளியிட்ட ‘விஸ்பர்’ பேச்சை எழுத்தாக்கும். தமிழும் அதில் உண்டு. அதைப் பிராசசரில் ஓட்டும் மென்பொருளையும் எழுதியவர் அதே கெர்கானோவ்தான்.

மருந்து அளவைக் கேட்காதீர்கள்

இதுவரை சொன்னது ஓட்டுகிற வழி. இனிச் சொல்வதுதான் முக்கியம்.

மொழி மாதிரிக்கு ‘தெரியாது’ என்று சொல்வது இயல்பாக வராது. அடுத்த துண்டைக் கணிப்பதுதான் அதன் தொழில். தெரியாத இடத்திலும் தெரிந்தது போல, நல்ல தமிழில், தடுமாறாமல் எழுதும். கம்ப்யூட்டருக்குள் அடங்கும் சின்ன மாதிரிகளில் இது இன்னும் அதிகம். படித்ததெல்லாம் 3 ஜிபிக்குள் சுருங்கினால், ஊருக்கு ஊர் மாறும் விவசாய விவரங்களுக்கு அதில் எவ்வளவு இடம் இருக்கும்?

பூச்சி மருந்து அளவைக் கேட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 2 மில்லி என்று இருக்க வேண்டியதை 20 மில்லி என்று எழுதலாம். ஏக்கருக்கு உள்ள அளவை எக்டேருக்கு என்று மாற்றலாம். தடை செய்த மருந்தையே பரிந்துரைக்கவும் கூடும். எண்டோசல்பானை 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. ஆனால் மாதிரி படித்த பக்கங்களில் அதற்கு முன் எழுதியவை ஏராளம். எது பழையது, எது புதியது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

கணக்கிலும் கவனம் வேண்டும். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். 60 கிலோ தழைச்சத்து வேண்டுமென்றால் 60ஐ 0.46ஆல் வகுக்க வேண்டும். சுமார் 130 கிலோ யூரியா. இந்தச் சாதாரண வகுத்தலையே சின்ன மாதிரிகள் தப்பாகப் போடுவதுண்டு. கணக்குக்கு கால்குலேட்டர்தான் சரி.

மருந்துக் கடைக்காரர் தப்பாகச் சொன்னால் மறுநாள் போய்ச் சண்டை போடலாம். மாதிரியிடம் அப்படிப் போய் நிற்க முடியாது. அது சொன்னதைக் கேட்டு அடித்த விவசாயியின் பயிர்தான் கருகும். அதைக் காட்டிப் பதில் சொல்லிய விரிவாக்கப் பணியாளரின் பெயர்தான் கெடும்.

கையில் காகிதத்தைக் கொடுத்துக் கேளுங்கள்

அப்படியென்றால் இதனால் என்ன பயன்? பயன் இருக்கிறது. மாதிரியை வைத்தியராக வைக்காமல், படித்துச் சொல்லும் எழுத்தராக வைத்துக்கொள்ள வேண்டும்.

‘காப்பீட்டுக்கு எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும்?’ என்று வெறுமனே கேட்டால், மாதிரி ஊகித்து ஏதாவது சொல்லும். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்ட வழிகாட்டியின் அந்தப் பக்கத்தைக் கொடுத்து, ‘இதில் உள்ளதை மட்டும் வைத்துப் பதில் சொல், இதில் இல்லையென்றால் இல்லை என்று சொல், எந்த வரியில் இருக்கிறது என்றும் காட்டு’ என்று கேட்டால், ஆலங்கட்டி மழை போன்ற பாதிப்புக்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதை எடுத்துத் தரும். அந்த வரியை நாமும் பார்த்துச் சரிபார்க்கலாம். சின்ன மாதிரிகளுக்கு நன்றாக வரும் வேலை இது. சுற்றறிக்கையைச் சுருக்குவது, மனு எழுதுவது, கூட்டக் குறிப்பைத் தீர்மானமாக எழுதுவது, அலுவலகத் தமிழைப் பேச்சுத் தமிழாக மாற்றுவது எல்லாம் இதில் சேரும்.

நூறு சுற்றறிக்கை இருந்தால்? அவற்றைச் சின்னச் சின்னப் பகுதிகளாக வெட்டி வைத்து, கேள்விக்குப் பொருந்தும் இரண்டு மூன்று பகுதியை மட்டும் தேடி எடுத்து மாதிரியிடம் கொடுக்கும் மென்பொருட்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. முழுவதையும் ஒரே நேரத்தில் கொடுக்காதீர்கள். பிராசசரில் படிப்பதற்கும் நேரம் ஆகும். 1,000 சொல் உள்ள தமிழ்ச் சுற்றறிக்கை 3,000 துண்டு என்று வைத்து, விநாடிக்கு 20 துண்டு படித்தால், பதிலைத் தொடங்கவே இரண்டரை நிமிடம் ஆகிவிடும்.

இதில் நம் ஊருக்கே உரிய தடை ஒன்று உண்டு. தமிழக அரசு 2010ல்தான் யுனிகோடைத் தரமாக ஏற்றது. அதற்கு முன்பும், பல அலுவலகங்களில் அதற்குப் பின்பும், வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் தட்டச்சு செய்தார்கள். அந்தக் கோப்பு நம் கண்ணுக்குத் தமிழ். கம்ப்யூட்டருக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. மாதிரியிடம் கொடுக்கும் முன் எழுத்துரு மாற்றியால் யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால், படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் மென்பொருள் வழியாகப் போக வேண்டும். மாதிரி மோசம் என்று பலர் கைவிடுவதற்குக் காரணம், பல நேரம் கொடுத்த காகிதம் படிக்கும் நிலையில் இல்லாததுதான்.

பத்துக் கேள்விச் சோதனை

விதையை முளைப்புத்திறன் பார்க்காமல் விதைப்பதில்லை. மாதிரிக்கும் அதே சோதனை வேண்டும். உங்களுக்குப் பதில் நிச்சயமாகத் தெரிந்த 10 கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். அதில் இரண்டு, நீங்கள் கொடுக்கப்போகும் காகிதத்தில் பதிலே இல்லாத கேள்விகளாக இருக்கட்டும். முதலில் காகிதம் கொடுக்காமல் கேளுங்கள். பிறகு கொடுத்துக் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பதில் இல்லாத அந்த இரண்டு கேள்விக்கு ‘இதில் இல்லை’ என்று சொல்கிறதா என்பதுதான் முக்கியமான சோதனை. அங்கே கதை கட்டினால் அந்த மாதிரியை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுங்கள்.

இன்னொரு சோதனையும் செய்யலாம். எல்லாம் நிறுவிய பிறகு இணைய வயரைப் பிடுங்கிவிட்டுக் கேள்வி கேளுங்கள். பதில் வந்தால், உங்கள் பங்குதாரர் விவரம் எங்கும் போகாமல் அந்த அறைக்குள்ளேயே வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து வருபவை

இந்தத் துறையில் மாதா மாதம் புதுசு வருகிறது. இரண்டைக் கவனித்து வைக்கலாம். ஒன்று, ஆட்களைப் பிரித்து வேலை வாங்கும் மாதிரி. 2025 ஏப்ரலில் சீனாவின் அலிபாபா வெளியிட்ட ‘க்வென்3’ வரிசையில் ஒரு மாதிரியில் 3,000 கோடி எண்கள் இருந்தாலும், ஒரு துண்டு எழுத சுமார் 330 கோடியை மட்டுமே புரட்டும். நடவுக்கு 30 பேர் வந்திருந்தாலும், வரப்பு வெட்ட 3 பேரை மட்டும் கூப்பிடுவது போல. 32 ஜிபி ரேம் வேண்டும். ஆனால் வேகம் சின்ன மாதிரியைப் போலவே இருக்கும். இரண்டாவது, மைக்ரோசாப்டின் ‘பிட்நெட்’. எண்களை மைனஸ் 1, 0, பிளஸ் 1 என்ற மூன்றுக்குள்ளேயே அடக்கி, தொடக்கத்திலிருந்தே அப்படிப் பயிற்சி கொடுத்தது. 2025 ஏப்ரலில் வெளியான 200 கோடி எண் மாதிரியின் எண்களுக்கு 0.4 ஜிபி போதும். பெருக்கல் கணக்கே பெரும்பாலும் தேவைப்படாது, கூட்டல், கழித்தல்தான். இந்த வழியில் தமிழ் நன்றாகத் தெரிந்த மாதிரி வந்தால், நம் அலுவலகக் கம்ப்யூட்டருக்கு அது பொருத்தமாக இருக்கும்.

அதுவரை, இருக்கும் கம்ப்யூட்டரில் ரேம் அட்டை ஒன்றைக் கூட்டி, 4பி மாதிரி ஒன்றை இறக்கி, இந்த மாதம் வந்த ஒரே ஒரு சுற்றறிக்கையைக் கொடுத்துத் தொடங்கலாம். காகிதத்தில் இருப்பதை அது படித்துச் சொல்லட்டும். பயிரைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை வேளாண்மை அலுவலரிடமும், வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேளுங்கள். கட்டணமில்லா கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே பேசலாம்.